தேவதைக் கதை கேட்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? வாசகர் கருத்துகளை வைத்து ஒரு ஒப்பீடு

குட்டித் தேவதைகள், காடு, பூக்கள், கொஞ்சம் சாகசம். இந்த நான்கும் இருக்கிற புத்தகம் வேண்டும் என்று ஏழெட்டு வயதுப் பிள்ளை கேட்டால், வாசகர்கள் எழுதிய கருத்துகளைப் புரட்டிப் பார்ப்பதுதான் நம்மில் பலர் செய்வது. புரட்டப் புரட்டக் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. ஒரே புத்தகத்தைப் பற்றி ஒருவர், மகள் அதைக் கீழேயே வைக்கவில்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அடுத்தவர், இரண்டாவது அத்தியாயத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை என்று ஒன்றோடு நிறுத்தியிருப்பார்.

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முன்னவர் சொல்வது பிள்ளையின் அனுபவம். பின்னவர் சொல்வது தன் அனுபவம். பிள்ளைகள் புத்தகங்களுக்குக் கருத்து எழுதுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான் என்பதால் இந்தக் கலப்பு எல்லா வகையிலும் உண்டு. ஆனால் தேவதைக் கதைகளில் இது உச்சத்தில் இருக்கிறது. பெரியவரைச் சலிப்படையச் செய்யும் அதே அம்சம்தான் பல நேரம் பிள்ளையை இழுத்துப் பிடிக்கிறது.

அதனால் நட்சத்திரங்களைக் கூட்டிக் கழிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: இந்தப் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள்? பிள்ளை தனியாகவா, அல்லது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டவா? என் கணக்கில் பாதி முடிவு இங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, பிள்ளைக்கு வேண்டியது தேவதையா இயற்கையா என்பது. இரண்டும் ஒரே அட்டையில் படமாக இருக்கும், உள்ளே அநேகமாக ஒன்றுதான் இருக்கும்.

முதலில் எல்லாரும் திட்டுகிற வகையை எடுத்துக்கொள்வோம். மெல்லிய புத்தகங்களாக வரிசையாக வரும் தேவதைத் தொடர்கள். இவற்றில் மிகப் பெயர் பெற்றது 2003இல் தொடங்கிய 'ரெயின்போ மேஜிக்'. டெய்சி மெடோஸ் என்ற பெயர் அட்டையில் இருக்கும், ஆனால் அப்படி ஒருவர் இல்லை. அது ஒரு எழுத்தாளர் குழுவின் பொதுப்பெயர். பெரும்பாலும் ஏழு ஏழு புத்தகங்களாகத் திட்டமிட்டு எழுதப்பட்டு, தொடர் இருநூறைத் தாண்டிப் போய்விட்டது. ரேச்சல், கிர்ஸ்டி என்று இரண்டு தோழிகள். ஜாக் ஃப்ராஸ்ட் என்ற பனிக்கால வில்லன். அவனுடைய பூதப் பரிவாரம் எதையாவது திருடிப் பதுக்கும். தோழிகள் ஒரு தேவதைக்கு உதவி அதை மீட்பார்கள். அடுத்த புத்தகத்தில் அடுத்த தேவதை.

எல்லாம் ஒரே கதை, எழுத்தில் உயிரில்லை, இருபதாவது புத்தகத்திலும் அதே பூதங்கள் அதே தவறைச் செய்கின்றன. பெரியவர்களின் புகார் இப்படிப் போகும். சரிதான். ஆனால் இப்போதுதான் சரளமாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். அதன் கவனத்தில் பெரும்பகுதி எழுத்துகளைச் சொற்களாக்குவதிலும் சொற்களை வாக்கியமாக்குவதிலும் செலவாகிவிடுகிறது. கதை எங்கே போகும் என்பது முன்பே தெரிந்திருந்தால் மீதமுள்ள கொஞ்சக் கவனத்தை வைத்துக்கொண்டே புத்தகத்தை முடித்துவிடலாம். தெரிந்த தெருவில் சைக்கிள் பழகுவது மாதிரி. முழுப் புத்தகம் ஒன்றைத் தானே படித்து முடித்தேன் என்ற பெருமையும் சேர்கிறது. அப்புறம் அந்த எண் வரிசை இருக்கிறதே, மூன்றாவது முடிந்தது, நான்காவது எங்கே என்ற துரத்தல், அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரே கதை என்ற குற்றச்சாட்டை ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அதற்குப் புரியவே புரியாது. அதனால்தானே பிடித்திருக்கிறது என்று திரும்பக் கேட்கும்.

இயற்கையைத் தேடி இந்தத் தொடரை வாங்கியவர்களின் ஏமாற்றம் மட்டும் நியாயமானது. வானிலைத் தேவதைகள் உண்டு, இதழ்த் தேவதைகள் உண்டு, ஆனால் அங்கே மழையும் பூவும் வெறும் பெயர்ப்பலகை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கதையில் உள்ள இயற்கையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்துப் பாருங்கள், கதை நிற்கிறதா? நாம் கற்பனைகூடச் செய்ய வேண்டியதில்லை, அந்தத் தொடரே செய்து காட்டிவிட்டது. வானிலைக்குப் பதிலாக நகைகள், நடனம், இசை என்று ஒவ்வொன்றாக வைத்தார்கள், கதை அசையாமல் ஓடியது. படித்து முடித்த பிள்ளைகள் பேசுவதும் அதற்கேற்பவே இருக்கும். எந்தத் தேவதை என்ன உடை போட்டிருந்தாள், நீ யாராக இருப்பாய், நான் யாராக இருப்பேன். காற்று எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வராது. வர வேண்டும் என்று நாம் எதிர்பார்த்திருந்தால் தவறான புத்தகத்திடம் எதிர்பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எதிர்முனைக்குப் போவோம். காடும் ஓடையும்தான் கதை, அதற்குள் குட்டி மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்ற வகை. இதற்கு நான் சுட்டக்கூடிய நல்ல எடுத்துக்காட்டு 'தி லிட்டில் கிரே மென்'. 'பிபி' என்ற புனைபெயரில் டெனிஸ் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்ட் எழுதிப் படமும் வரைந்து 1942இல் வெளியானது. பிள்ளைகள் புத்தகங்களுக்கு பிரிட்டனில் தரப்படும் கார்னகி பதக்கமும் அந்த ஆண்டு அதற்குத்தான். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் கடைசிக் குள்ளர்கள், காணாமல் போன சகோதரனைத் தேடி ஓடையின் வழியே மேலே போகிறார்கள். கறாராகச் சொன்னால் சிறகு வைத்த தேவதை இல்லை. ஆனால் தேவதைக் கதை கேட்கும் பிள்ளை தேடுகிற அந்த ரகசியமான, சிறிய உலகம் இங்கே முழுசாக இருக்கிறது. குள்ளர்களின் பெயர்களான பால்ட்மணி, ஸ்னீஸ்வொர்ட், டாடர், க்ளௌட்பெரி எல்லாமே காட்டுச் செடிகளின் பெயர்கள். டாடருக்கு ஒரு கால் கிடையாது, நரி கொண்டுபோய்விட்டது.

மேலே சொன்ன சோதனையை இங்கே செய்து பாருங்கள். ஓடையை எடுத்துவிட்டால் பயணமே இல்லை. நரியையும் பருவ மாற்றத்தையும் எடுத்துவிட்டால் ஆபத்தும் இல்லை, அவசரமும் இல்லை. இயற்கை கதையைத் தள்ளுகிறது என்பது இதைத்தான்.

இதற்கான கருத்துகளைப் படிக்கும்போது வேறொரு எச்சரிக்கை தேவை. உருகி உருகிப் பாராட்டுபவர்களில் கணிசமானவர்கள் தங்கள் பத்து வயதில் படித்ததை நினைவிலிருந்து பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு புத்தகத்துக்கு எவ்வளவு, போய்விட்ட பால்யத்துக்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. இன்னொரு கூட்டம் கவலையில் நட்சத்திரம் போடுகிறது. 2007இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஜூனியர் அகராதியின் புதிய பதிப்பில் ஓக் மரக் கொட்டை, பட்டர்கப் பூ போன்ற சொற்கள் எடுக்கப்பட்டு, பிராட்பேண்ட், வலைப்பதிவு போன்றவை உள்ளே வந்தன. இயற்கைச் சொற்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2015இல் எழுத்தாளர்கள் சிலர் திறந்த கடிதமே எழுதினார்கள். பிள்ளைகளிடமிருந்து இயற்கை நழுவுகிறது என்ற அந்தப் பதற்றம் நியாயமானதுதான், எனக்கும் உண்டு. ஆனால் புத்தகம் உடம்புக்கு நல்லது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து நட்சத்திரம், பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதற்குப் பதில் ஆகாது.

நான் நம்புவது மூன்றாவது கூட்டத்தை. அண்மையில், ஒரு பிள்ளைக்கு, வாய்விட்டு வாசித்தவர்கள். அவர்கள் எழுதுவதில் ஒரு பொதுத்தன்மையைக் கவனித்திருக்கிறேன். தொடக்கம் மெதுவாக இருந்தது, விட்டுவிடலாமா என்று நினைத்தோம், பயணம் தொடங்கியதும் பிள்ளை அடுத்த அத்தியாயம் அடுத்த அத்தியாயம் என்று கேட்டது. தனியாகப் படிக்கக் கொடுத்தவர்கள் எழுதுவதோ அநேகமாக அந்த முதல் வரியோடு நின்றுவிடுகிறது. நீள நீளமான வர்ணனையைப் பெரியவரின் குரல் கடத்திக்கொண்டு போய்விடும், பிள்ளையின் கண்ணால் மட்டும் அதைக் கடப்பது கஷ்டம். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கதையில் சாவு வருகிறது, விலங்குகளுக்கு மட்டுமல்ல, ஒரு வேட்டைக் காவலனுக்கும். அதுவும் குள்ளர்கள் கையால். வாசித்துக் காட்டுகிறவர் அந்த இடத்தை முன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு வகைகளைச் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று கதையே அல்ல.

சிசிலி மேரி பார்க்கரின் பூத்தேவதைப் புத்தகங்கள் 1923இல் தொடங்கின. ஒரு பூ, அதன் தேவதை, ஒரு பாட்டு, பக்கத்துக்குப் பக்கம் இவ்வளவுதான். சாகசம் கேட்டு இதை வாங்கியவர்கள் கதையே இல்லை என்று குறைப்படுவது இயல்பு, குறிப்பைப் படிக்காமல் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வரைந்தவர் செடிகளில் பொய் சொல்லவில்லை. அக்கா நடத்திய மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மாதிரியாக நிறுத்தி, செடியை நேரில் வைத்து வரைந்தார். கிடைக்காத செடிகளுக்கு கியூ தாவரவியல் பூங்காவினரின் உதவியைக் கேட்டார். தேவதையின் உடை அந்தச் செடியின் இதழாலும் இலையாலும் ஆனது, ஆகவே உடையைப் பார்த்தாலே செடியை அடையாளம் காணலாம். நச்சுப் பழம் காய்க்கும் கொடியின் தேவதை வரும் பாட்டில், பளபளக்கும் பழத்தைக் காட்டி ஆசைகாட்ட, மற்றத் தேவதைகள் ஏமாறாமல் தலையாட்டி மறுக்கின்றன. அது நல்ல பாடம், உபதேசமும் இல்லை.

இலக்கியக் கோட்பாட்டில் லூயிஸ் ரோசன்பிளாட் என்பவர் 1978இல் வெளியான தன் நூலில் இரண்டு விதமான வாசிப்பைப் பிரித்தார்: எதையாவது எடுத்துச் செல்வதற்காகப் படிப்பது ஒன்று, படிக்கும் நேரத்தை வாழ்வதற்காகப் படிப்பது இன்னொன்று. எந்த வாசிப்பு என்பதைப் புத்தகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வாசகரும் சேர்ந்து தீர்மானிக்கிறார் என்பது அவர் வாதம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பூத்தேவதைப் புத்தகத்தை இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். ஒன்று இலையை எண்ணிக்கொண்டு வெளியே போய்த் தேடும். இன்னொன்று அதே பக்கத்தில் அந்தத் தேவதைக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் ஒரு பகையும் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கும்.

வெளியே போய்த் தேடுகிற பிள்ளைக்கு ஒரு சிக்கல். படத்தில் இருப்பவை பிரிட்டனில் வளரும் செடிகள். அவை வளராத இடத்தில் இருந்தால் தேடல் ஏமாற்றத்தில் முடியும். அங்கே புத்தகத்தை மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் செடிக்கு ஒரு தேவதையைப் பிள்ளையே வரையட்டும் என்று விட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால் அந்தப் பயன் மூலப்புத்தகத்தைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த மென்மை பிடிக்காது. பூத்தேவதைகளையும் உணர்கொம்பு வைத்துப் படபடக்கும் குட்டிகளையும் தான் சிறுவயதில் வெறுத்ததாகவும், தன் பிள்ளைகளும் அப்படியே வெறுத்ததாகவும் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தேவதைக் கதைகள் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். நாவலாசிரியரின் கோட்பாட்டை ஒதுக்கிவிட்டு அதை ஒரு வாசகரின் கருத்தாக மட்டும் படித்தால் இன்றைக்கும் பொருந்தும். தேவதை என்றாலே சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு 'ஸ்பைடர்விக் க்ரானிக்கிள்ஸ்' பக்கம் போகலாம். 2003, 2004இல் ஐந்து மெல்லிய புத்தகங்களாக வந்தது. பழைய வீட்டுக்குக் குடிவரும் மூன்று பிள்ளைகள், யாரோ ஒருவர் தேவதை இனங்களைப் பறவை, பூச்சிகளைப் போல உற்றுப் பார்த்துப் படத்தோடு எழுதிவைத்த கையேட்டைக் கண்டெடுக்கிறார்கள். இங்கே தேவதைகளுக்கு வாழிடம் உண்டு, பழக்கவழக்கம் உண்டு, நல்லெண்ணம் மட்டும் உறுதியில்லை. இரட்டையரில் ஒருவனைப் பூதங்கள் தூக்கிக்கொண்டு போகின்றன. பயமாக இருந்தது என்று பெற்றோர் எழுதும் புகாரும், பயமாக இருந்தது என்று பிள்ளைகள் சொல்லும் பாராட்டும் ஒரே சொல்லில் இருப்பதால் யார் சொன்னது என்று பார்த்துப் படிக்கவும். படித்த பிள்ளைகள் தாங்களும் ஒரு குறிப்பேடு போடத் தொடங்குவது இந்த வகையின் பெரிய லாபம். இராத் தூக்கத்தில் பயப்படும் பிள்ளை என்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம்.

பெற்றோர் கருத்துகளில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு கவலை, பிள்ளை இதை நிஜம் என்று நம்பிவிடுமோ என்பது. 1904இல் 'பீட்டர் பான்' நாடகம் மேடையேறியபோது, சாகக் கிடக்கும் தேவதையைக் காப்பாற்ற, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கும் காட்சி இருந்தது. முதல் நாள் யாரும் தட்டாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் வாத்தியக்காரர்களைத் தட்டச் சொல்லி வைத்திருந்தார்களாம், தேவையே இல்லாமல் அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அந்த நாடகத்தில் நம்பிக்கையால் வந்த நிஜமான தொல்லை வேறு. வீட்டுக்குப் போன பிள்ளைகள் கட்டிலிலிருந்து பறந்து பார்த்துக் காயப்பட்டார்கள். தேவதைத் தூள் மேலே பட்டால்தான் யாராலும் பறக்க முடியும் என்ற வரியைப் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் பிறகுதான் சேர்த்ததாக நாடகத்தை எழுதிய ஜே. எம். பேரி எழுதியிருக்கிறார். கதையை நிறுத்தவில்லை, கதைக்குள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். பிள்ளையிடம் தேவதையெல்லாம் பொய் என்று போட்டு உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நம்பி ஏமாறுவது பிள்ளைகள் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சிஸும் ஒரு பரிசுப் புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். 1920இல் அதை உண்மை என்று பத்திரிகையில் எழுதியவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் ஆசிரியர் ஆர்தர் கோனன் டாயில். அட்டை வெட்டுதான் என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1983இல். ஆகவே உங்கள் பிள்ளை நம்பிவிடுமோ என்ற ஒற்றைக் காரணத்துக்காக ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கப்பட்ட குறைந்த மதிப்பெண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை. அபாயமான ஒரு செயலைப் பிள்ளை செய்து பார்க்க வாய்ப்பிருக்கிறதா, நச்சுப் பழம் தின்பது, உயரத்திலிருந்து குதிப்பது, தனியாக நீருக்குள் இறங்குவது மாதிரி? அதை யாராவது குறிப்பிட்டிருந்தால் மட்டும் நின்று படிப்பேன்.

அதேபோல ஒதுக்கிவிடக்கூடிய கருத்துகள் இன்னும் சில உண்டு. பரிசாக வாங்கினேன், அட்டை அழகாக இருக்கிறது என்பது படிக்கும் முன்பே எழுதப்பட்டது. பிள்ளையின் வயதைச் சொல்லாத கருத்து பாதிப் பயன்தான் தரும், தனியாகப் படித்ததா கேட்டதா என்பதையும் சொல்லாவிட்டால் மீதிப் பாதியும் போய்விடும். உருப்படியானது எது என்றால், புத்தகத்தை மூடிய பிறகு பிள்ளை என்ன செய்தது என்று சொல்கிற கருத்து. அடுத்த பாகத்தைக் கேட்டதா, வெளியே ஓடியதா, படம் வரைந்ததா, விளக்கை அணைக்க வேண்டாம் என்றதா. இந்த நான்கும் நான்கு வேறு புத்தகங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, முடிவுக்கு வருவோம். பிள்ளை தனியாகப் படிக்கும், இப்போதுதான் வேகம் பிடித்திருக்கிறது என்றால் மெல்லிய தொடரை எடுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் நூலகத்தில் எடுங்கள், முழு வரிசையையும் வாங்கி அடுக்காதீர்கள். இந்த ஆர்வம் வந்த வேகத்தில் ஒருநாள் நின்றுபோகும் என்பது அந்தக் கருத்துகளிலேயே திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தொடரை நீங்கள் வாய்விட்டு வாசிக்கவும் முயல வேண்டாம், அந்த ஒற்றை நட்சத்திரக்காரர்களின் கதி உங்களுக்கும் வரும். இரவில் ஒரு கால்மணி நேரம் உங்களால் வாசித்துக் காட்ட முடியும் என்றால் ஓடைக் குள்ளர்கள் மாதிரியான இயற்கைக் கதைதான் என் தேர்வு, மற்ற எதுவும் பக்கத்தில் வராது. இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்வதில் எந்த முரணும் இல்லை. பகலில் அது, இரவில் இது. பூத்தேவதைப் புத்தகத்தை முதல் புத்தகமாக எடுக்க மாட்டேன், செடிகொடியில் ஏற்கெனவே கண் வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதாக எடுப்பேன்.

முதல் புத்தகம் முடிந்த பிறகு அடுத்தவர்கள் கருத்து உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது, வீட்டிலேயே ஒரு வாசகர் கிடைத்துவிட்டார். அவரிடம் பிடித்ததா என்று கேட்டால் ஆமாம் என்பதோடு நின்றுவிடும். பிள்ளைகளோடு புத்தகம் பேசுவது பற்றி ஏடன் சேம்பர்ஸ் 1993இல் எழுதிய நூலில் நான்கு அடிப்படைக் கேள்விகள் தருகிறார்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியாமல் புதிராக இருந்தது, எது திரும்பத் திரும்ப வந்தது. ஏன் என்று கேட்டால் பிள்ளை தேர்வு எழுதுவதுபோல மிரண்டுவிடும், அதைப் பற்றிச் சொல்லேன் என்று கேளுங்கள் என்பது அவர் யோசனை. நான்காவது கேள்வியைத் தொடர் படிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பூதங்கள் எப்போதும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன என்று அது சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினால், அடுத்த முறை நூலகத்தில் தொடர் இருக்கும் அலமாரிக்குப் போகாமல் பக்கத்து அலமாரிக்குக் கூட்டிப்போகலாம்.